குத்துவிளக்கு ஏற்ற மட்டும் அழைக்காதீர்கள்: ஆஸ்திரேலிய அலுவலகங்களுக்கு வரும் புதியவர்களுக்கு

ஊரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. டேக்ஸ் ஃபைல் நம்பர் எப்படி வாங்குவது, வாடகை வீட்டுக்கு எவ்வளவு முன்பணம், எந்தப் புறநகரில் தமிழ்ப் பள்ளி, எந்தக் கடையில் நல்ல நல்லெண்ணெய் என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். அந்த மண்ணின் மக்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும், "குடிப்பார்கள், கவர்ன்மென்ட் காசில் வாழ்வார்கள், தள்ளியே இரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்கிறவர் ஒரு பூர்வகுடி மனிதரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்திருக்க மாட்டார்.

எனக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். சிட்னியில் சுகாதாரத் துறை சார்ந்த ஓர் அலுவலகத்தில் முதல் வேலை கிடைத்தபோது, என் மேனேஜர் விரட்ஜுரி என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்த பெண். ஆறு ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தேன். பட்ஜெட் போடவும், கோபமாக வந்த இமெயிலுக்கு ஒரு ராத்திரி பொறுத்துப் பதில் எழுதவும் அவரிடம்தான் கற்றேன். தெரியாத்தனத்தால் நான் அவருக்குக் கொடுத்த தொந்தரவுகளும் உண்டு. அதே தொந்தரவை நீங்களும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலையில் சேரும் முன்: எந்த மண் என்று கேளுங்கள்

ஆங்கிலேயர் 1788-ல் வந்து குடியேறியபோது இங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. ஒவ்வொரு மக்களுக்கும் தனி நிலம், தனிச் சட்டம், தனிக் கதைகள். அந்த நிலத்தைத்தான் 'கன்ட்ரி' என்கிறார்கள். நாம் 'சொந்த ஊர்' என்று சொல்லும்போது அதில் குலதெய்வமும் பாட்டன் பூட்டனும் ஊர்க் குளமும் சேர்ந்து வருமே, அதற்குக் கொஞ்சம் கிட்டே வரும் சொல்.

உங்கள் அலுவலகம் யார் நிலத்தில் இருக்கிறது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மெல்பர்ன் நகரம் வுருன்ஜெரி, பூனுரோங் மக்களுடையது. அடிலெய்டு கார்னா மக்களுடையது. பெர்த் நூங்கார்களில் வஜுக் பிரிவினருடையது. கான்பரா ஙுன்னவல் மக்களுடையது. இந்தக் கடைசிப் பெயரைக் கவனியுங்கள், ங-வில் தொடங்குகிறது. இங்குள்ள பலருக்கு நாக்கு புரளாத ஒலி இது. அரிச்சுவடியில் ங படித்த நமக்கு வரும். பெயரைச் சரியாக உச்சரிப்பது செலவில்லாத மரியாதை, அதை முதலில் செய்துவிடுங்கள்.

சிட்னியின் மேற்கே நம்மவர்கள் நிறைந்திருக்கும் பரமட்டா, வென்ட்வர்த்வில், டூங்காபி எல்லாம் தருக் மக்களின் நிலம். பரமட்டா என்ற பெயரே தருக் மொழியில் விலாங்கு மீன்கள் தங்கும் இடத்தைக் குறிப்பது. அந்தப் பரமட்டாவில் 1814-ல் கவர்னர் மக்குவாரி பூர்வகுடிக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளி. 1819-ல் நடந்த பள்ளித் தேர்வில் ஏறக்குறைய 100 வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தாண்டி முதல் பரிசு வாங்கியது 14 வயதுத் தருக் சிறுமி. அவர் மரியா லாக் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பின்னாளில் இதே மரியா, தன் அண்ணனுக்குத் தரப்பட்ட நிலம் தனக்கே சேர வேண்டும் என்று 1831-ல் கவர்னருக்கு மனு எழுதி, விடாமல் கேட்டு, கடைசியில் வாங்கியும் விட்டார். நாம் தினமும் ரயிலேறிப் போகும் பிளாக்டவுன் பக்கத்து நிலம் அது. "பூர்வகுடிப் பெண்களை இப்போதுதான் தலைமைக்குக் கொண்டுவருகிறோம்" என்று யாராவது அலுவலகத்தில் பேசினால் எனக்கு மரியாதான் நினைவுக்கு வருவார்.

முதல் வாரம்: வாயில் வரக்கூடாதவை

'அபொரிஜினி' என்ற பழைய சொல்லை விட்டுவிடுங்கள், அது புண்படுத்தும். அபொரிஜினல் மக்கள் வேறு, வடக்கே தீவுகளில் வாழும் டோரஸ் ஸ்ட்ரெய்ட் ஐலாண்டர்கள் வேறு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள், முதலெழுத்துகளாகச் சுருக்காதீர்கள். ஒருவருடைய மக்களின் பெயர் தெரிந்தால் அதையே சொல்வது இன்னும் நல்லது: விரட்ஜுரி, யான்யுவா, புனுபா. தமிழில் பேசும்போதும் கவனம் வேண்டும். வீட்டில் 'காட்டுவாசி' என்று சொல்லிப் பழகிய வாய், அலுவலகத்தில் என்றாவது ஒருநாள் அதே எண்ணத்தை வேறு சொல்லில் கக்கிவிடும்.

"உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே", "நீங்கள் எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நாம் சாதாரண ஆர்வத்தில் கேட்போம். அவர்களுக்கு அது அரசாங்கம் கேட்ட கேள்வி. பாதி, கால், அரைக்கால் என்று ரத்தத்தைக் கூறுபோட்டு, அந்தக் கணக்கை வைத்தே பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கினார்கள். இன்றைக்கு அரசு நடைமுறையில் பார்ப்பது மூன்று விஷயம்: அந்த வம்சாவளி, தன்னை அப்படி அடையாளப்படுத்திக்கொள்வது, அந்தச் சமூகம் ஏற்றுக்கொள்வது. தோல் நிறம் இதில் எங்கேயும் இல்லை.

நம்மவர்களுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "நீங்களும் தமிழர்கள்தான், குமரிக்கண்டத்திலிருந்து போனவர்கள்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணில் வாழ்ந்த ஒருவரிடம், வந்து ஆறு மாதமான நாம் போய் "உன் பூர்வீகம் எங்கள் ஊர்" என்று சொல்வது, அவருடைய கதையை அவர் கையிலிருந்து பறிப்பது. அவர்கள் இதை ஏற்கெனவே நிறையப் பேரிடம் அனுபவித்துவிட்டார்கள்.

நமக்கு எளிதாக வரும் ஒன்றும் உண்டு. அங்கே மூத்த பெண்களை 'ஆன்ட்டி' என்று பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசும் நமக்கு இது ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த ஆன்ட்டி, நாம் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடும் ஆன்ட்டி இல்லை. சமூகம் கொடுத்த மரியாதை அது. அவரே சொன்ன பிறகோ, உடனிருப்பவர்கள் அப்படி அறிமுகப்படுத்திய பிறகோ அழையுங்கள்.

முதல் பெரிய மீட்டிங்

சேர்ந்த இரண்டாவது மாதம், வெளியிலிருந்து முப்பது பேர் வரும் ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கச் சொன்னார்கள். முதல் வரியாக 'வெல்கம் டு கன்ட்ரி' என்று போட்டு, பக்கத்தில் என் மேனேஜர் பெயரைப் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. பூர்வகுடி என்றால் அவர்தானே என்று நினைத்தேன்.

காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார். "என் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். இது தருக் நிலம். இங்கே நானும் உன்னைப் போல விருந்தாளிதான்" என்றார். அப்புறம் 'வெல்கம்' என்பதை அடித்து 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்று மாற்றி, பேனாவை என் பக்கம் நீட்டினார். "பக்கத்தில் உன் பெயரை எழுது."

வித்தியாசம் இதுதான். 'வெல்கம் டு கன்ட்ரி' சொல்ல அந்த நிலத்துக்காரர் வேண்டும். வீட்டுக்காரர்தானே வாசலில் நின்று வாங்க என்று சொல்ல முடியும். அவரை முறைப்படி அழைத்து, பணம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது வேலை. 'அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி' என்பது வந்தவர்கள் சொல்லும் நன்றி. அதை யாரும் சொல்லலாம், நேற்று விமானத்தில் இறங்கியவரும் சொல்லலாம். "நாம் கூடியிருக்கும் இந்த நிலம் தருக் மக்களுடையது. அவர்களின் மூத்தோருக்கு என் மரியாதை" என்ற அளவே போதும். சுவரில் ஒட்டிய வாசகத்தை ஒப்பிக்காமல், உங்கள் மனதில் இருப்பதை ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் கைநடுங்கத்தான் சொன்னேன். அடுத்த கூட்டத்திலிருந்து எங்கள் குழுவில் அது முறைவைத்துச் சுழன்றது, அவர் பெயர் இல்லாமல்.

கூட்டத்தில் இன்னொன்று: யாராவது பேசி நிறுத்தினால் அந்த இடைவெளியை உடனே நிரப்பாதீர்கள். வட பிராந்தியத்தின் டேலி நதிக்கரையைச் சேர்ந்த மிரியம்-ரோஸ் உங்குன்மெர் பாவ்மன், அங்கே முழுத் தகுதி பெற்ற முதல் பூர்வகுடி ஆசிரியை. 'டடிரி' என்ற தன் மொழிச் சொல்லை நாடு முழுக்க அறியச் செய்தவர். உள்ளே ஆழமாகக் கேட்பது, அவசரப்படாமல் காத்திருப்பது என்று அதற்குப் பொருள். எல்லாப் பூர்வகுடிப் பெண்களும் அமைதியாகப் பேசுவார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். என் மேனேஜர் படபடவென்று பேசுவார். நான் சொல்வது நம் காதுகளைப் பற்றி.

முதல் சில மாதங்கள்: இந்தக் கதையைப் படியுங்கள்

அலுவலகத்தில் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மேலதிகாரி சொல்லும்போது ஒரு பூர்வகுடிப் பெண் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கலாம். ஏன் என்று புரிய வேண்டுமானால் வேலையின் வரலாறு தெரிய வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸில் கூட்டமுண்ட்ரா என்ற ஊரில் பூர்வகுடிச் சிறுமிகளுக்கான ஓர் இல்லம் இருந்தது. 1910-களிலிருந்து 1960-களின் இறுதிவரை நடந்தது. வீட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட சிறுமிகளுக்குப் பாத்திரம் கழுவவும், துணி துவைக்கவும், தரை துடைக்கவும் கற்றுக்கொடுத்து, பதின்வயதில் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பினார்கள். சம்பளத்தின் பெரும்பகுதி அரசு வாரியத்தின் கணக்குக்குப் போனது. நிறையப் பேருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. குயின்ஸ்லாந்திலும் சம்பளத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. அதற்கு எதிரான வழக்கில் 2019-ல்தான் 190 மில்லியன் டாலருக்கு உடன்பாடு வந்தது. இதெல்லாம் பழங்கதை இல்லை. உங்கள் பக்கத்து மேசைப் பெண்ணின் பாட்டியோ அம்மாவோ அந்த வீடுகளில் தரை துடைத்தவராக இருக்கலாம்.

நர்ஸ் வேலைக்கு வரும் தங்கைகளுக்கு லோவிட்ஜா ஓ'டொனஹ்யூவைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவர். ராயல் அடிலெய்டு மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்குக் கேட்டபோது, பூர்வகுடி என்பதால் மறுத்தார்கள். அவர் விடவில்லை. அரசியல்வாதிகள்வரை போய்ப் போராடி, 1954-ல் அங்கே முதல் பூர்வகுடிப் பயிற்சி நர்ஸாகச் சேர்ந்து, பின்னர் வார்டு பொறுப்பாளரும் ஆனார். 1990-ல் பூர்வகுடிகளுக்கான தேசிய ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. 2024-ல் காலமானார்.

அவர் திறந்த கதவு வழியாக இன்று நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். விரட்ஜுரிப் பெண்ணான லிண்டா பர்னி 2003-ல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்தின் முதல் பூர்வகுடி உறுப்பினர், 2016-ல் கூட்டாட்சிப் பிரதிநிதிகள் சபையின் முதல் பூர்வகுடிப் பெண். அவருக்குப் பின் 2024-ல் பூர்வகுடிகள் துறை அமைச்சரானவர் யான்யுவாப் பெண் மலார்ண்டிரி மெக்கார்த்தி. பாட் டர்னர், 2020-ல் நாட்டின் எல்லா அரசுகளையும் உட்காரவைத்து, பூர்வகுடிகளின் வாழ்க்கை நிலையில் உள்ள இடைவெளியைக் குறைக்க ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்புக்கு அப்போது தலைமை தாங்கியவர். அந்த ஒப்பந்தத்தின் முதல் சீர்திருத்தமே, முடிவெடுப்பதில் பங்கு வேண்டும் என்பதுதான். பரிசோ பாராட்டோ கேட்கவில்லை, முடிவில் பங்கு கேட்டார்கள்.

மே மாதம் வரும்போது

மே 26 மன்னிப்பு நாள், தாயிடமிருந்து பிடுங்கப்பட்ட பிள்ளைகளை நினைக்கும் நாள். மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம். முதல் தேதி, பூர்வகுடிகளையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வழிசெய்த 1967 பொதுவாக்கெடுப்பை நினைவூட்டுவது, கடைசித் தேதி, பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற 1992-ன் மாபோ தீர்ப்பை. ஜூலை முதல் வாரத்தில், பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம். இந்த ஆறு வாரத்தில் அலுவலகங்களுக்குத் திடீரென்று பாசம் பொங்கும்.

ஒரு மே மாதம் என் மேனேஜரின் காலண்டரை ஒழுங்கு செய்து கொடுத்தேன். ஏழு அழைப்புகள். காலைத் தேநீரில் பேச, வீடியோவில் தோன்ற, கேக் வெட்ட, வேறு துறையின் சுவரொட்டி சரியா என்று பார்த்துச் சொல்ல. ஒன்றுக்கும் தனி நேரம் இல்லை, தனிச் சம்பளம் இல்லை. அவருடைய உண்மையான வேலை, அந்த ஆண்டின் பட்ஜெட், மாலை ஆறு மணிக்கு மேல்தான் திறந்தது. அதே மாதம் துறையின் மூன்றாண்டுத் திட்டம் முடிவான கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

நம் ஊர் விழாக்களில் குத்துவிளக்கு ஏற்ற ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து, ஏற்றியதும் கீழே அனுப்பிவிட்டு, ஆண்கள் மைக்கைப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உடனே அடையாளம் தெரிந்தது.

இதற்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது: கல்ச்சுரல் லோட், பண்பாட்டுச் சுமை. 2020-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடி ஊழியர்களைக் கேட்டு 'கரி யாலா' என்ற ஆய்வு வந்தது. விரட்ஜுரி மொழியில் 'உண்மையைப் பேசு' என்று பொருள். அதில் இந்தச் சுமை திரும்பத் திரும்ப வருகிறது. அலுவலகத்தில் பூர்வகுடி தொடர்பான எது வந்தாலும் ஒருவர் தலையில் கட்டுவது, மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்வது, அதை வேலையாகவே கணக்கில் எடுக்காமல் விடுவது.

புதியவர் நீங்கள் என்ன செய்யலாம்? கேள்வி வந்தால் முதலில் நீங்களே தேடிப் படியுங்கள். தேநீர் ஏற்பாடு, அறை பதிவு, அழைப்பிதழ் போன்ற கைவேலைகளை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள், இதற்கு விசா நிலையோ பதவியோ தடையில்லை. அவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் "உங்களுக்கு நேரமும் விருப்பமும் இருந்தால்" என்று கேட்டு, முடியாது என்றால் காரணம் கேட்காமல் விடுங்கள். அந்த மே மாதம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஐந்து அழைப்புகளுக்கு மறுப்பு எழுதினோம். அவர் போனது இரண்டுக்கு. அதில் ஒன்று அவருடைய அக்கா மகள் படிக்கும் பள்ளி.

தப்பான பேச்சு காதில் விழுந்தால்

இது கட்டாயம் நடக்கும், அதுவும் அவர்கள் இல்லாத நேரத்தில், உங்களையும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளும் தொனியில். ப்ரொபேஷன் காலத்தில் பயம் வரும், புரிகிறது. சண்டை போட வேண்டாம். "எனக்கு அது சரியாகப் படவில்லை" என்று ஒரு வரி போதும். மோசமானதாக இருந்தால் தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். 1975-ன் இனப் பாகுபாட்டுச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் மனித உரிமை ஆணையத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். உங்கள் குறிப்பு அப்போது சாட்சி. ஆனால் கேட்டதைக் கேட்டபடி ஓடிப்போய் அவரிடம் ஒப்பிக்காதீர்கள். உங்கள் மனம் லேசாகும், அவர் மனம் கனக்கும்.

இன்னொரு சின்ன வேலை, நான் தினமும் செய்தது. அவர் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னால், மினிட்ஸ் எழுதும்போது முதலில் சொன்னவர் பெயரைப் போடுங்கள். நம்மில் நிறையப் பேருக்கு முதல் ஆண்டில் மினிட்ஸ் எழுதும் வேலைதான் வரும். அதில் இருக்கும் அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

நீங்களே ஆள் எடுக்கும் இடத்துக்கு வந்தபின்

சில வேலைகள் பூர்வகுடியினருக்கென்றே அறிவிக்கப்படும். "தகுதி என்ன ஆவது?" என்று பக்கத்தில் ஒருவர் முனகுவார். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை வந்த 1921-லிருந்து நாம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே முனகல். இடஒதுக்கீட்டால் படித்த தலைமுறையிலிருந்து வந்தவர்களாவது இந்தப் பேச்சுக்குத் தலையாட்டக் கூடாது. சட்டம் இதை 'சிறப்பு நடவடிக்கை' என்று அனுமதிக்கிறது.

ஒருவரை மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஒரே ஒரு பூர்வகுடி ஊழியர் இருக்கும் குழுவில் முழுச் சுமையும் அவர் மேல்தான். பண்பாட்டு வேலை வேண்டும் என்றால் அதைப் பணி விவரத்தில் எழுதி, மணிக்கணக்கு ஒதுக்கி, சம்பள நிலையில் சேருங்கள். ஆண்டு மதிப்பீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

விடுப்பு விஷயத்தில் கை தாராளமாக இருக்கட்டும். இறப்புச் சடங்குகளை அங்கே 'சாரி பிசினஸ்' என்பார்கள், அது பல நாள் நீளலாம். சட்டப்படி நெருங்கிய உறவினர் இறந்தால் இரண்டு நாள் இரக்க விடுப்பு. ஆனால் நெருங்கிய உறவு யார் என்பதில் அவர்கள் கணக்கு வேறு. சித்தப்பா செத்தால் அப்பா செத்தது போல் நிற்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சில சமூகங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதையும் படத்தைக் காட்டுவதையும் கொஞ்ச காலம் தவிர்ப்பார்கள். பழைய போட்டோக்களை அலுவலகச் செய்திமடலில் போடும் முன் குடும்பத்தைக் கேளுங்கள்.

உங்கள் நிறுவனத்தில் நல்லிணக்கச் செயல்திட்டம், ரேப் என்று சுருக்கிச் சொல்வது, இருக்கலாம். 2006-லிருந்து நடைமுறையில் உள்ளது, நான்கு நிலைகள் கொண்டது. புதியவர்களை அந்தக் குழுவில் சேர்க்க ஆர்வமாக இருப்பார்கள். போங்கள். போய் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: இதற்கு எவ்வளவு பணம், அந்தப் பணத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

கடைசியாக, நம் தமிழ்ச் சங்கத்தில்

அலுவலகத்தில் கற்றதை வைத்துக்கொண்டு நீங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஏற்பாடு செய்வீர்கள். அந்த நிலத்து மூத்த பெண்மணி ஒருவரை 'வெல்கம்' சொல்ல அழைப்பீர்கள். நல்லது. கட்டணத்தை முன்கூட்டிப் பேசி முடிவு செய்யுங்கள். அழைத்துவர வண்டி அனுப்புங்கள், முன்வரிசையில் பெயரெழுதிய நாற்காலி போடுங்கள், சாப்பாட்டில் அவருக்கு ஆகாதது எது என்று கேளுங்கள். நம் விழாக்கள் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எழுபது வயதுக்காரரை ஒன்றரை மணி நேரம் காக்கவைக்காதீர்கள்.

விடுமுறை கிடைக்கிறது என்பதற்காக விழாவை ஜனவரி 26-ல் வைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்வார். 1788-ல் சிட்னியில் ஆங்கிலேயர் கொடி ஏற்றிய நாள் அது. பூர்வகுடிகளில் பலருக்கு அது துக்க நாள். 1938-லேயே அப்படி அறிவித்துச் சிட்னியில் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெண்மணிக்கு முதல் போனை அழைப்பிதழ் அச்சாகும் வாரத்தில் செய்யாதீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன், தேதி குறிக்க உட்காரும் முதல் கூட்டத்தன்று செய்யுங்கள்.